வேண்டாம் என்ற வேட்டி

மே 9: என் மைத்துனரின் மகளுக்குக் கடலூரில் திருமணம். நானும் என் மனைவியும் கலந்துகொண்டோம்.

ஜூலை 21: என் மனைவி சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் இறந்தாள். மறுநாள் அடக்கம்.

டிசம்பர் 3: குடும்பத்தாரின் வாட்ஸப் குழுவில் நான் ஒரு செய்தி எழுதினேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரும் யாருக்கும் பரிசு வாங்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

டிசம்பர் 11: மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். சுருக்கமாகப் பேசினோம்.

டிசம்பர் 25: காலைத் திருப்பலிக்குப் பிறகு பேருந்தில் கடலூர் சென்றேன். மைத்துனர் வீட்டில் மதிய உணவு. அவருடைய மாப்பிள்ளை வரவில்லை. மாலையில் திரும்பினேன்.

மேலே உள்ள பதிவில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் படிப்பவருக்கு நான் என்ன செய்தேன் என்பது தெரியாது. ஒரு பெண்ணின் வாழ்வில் ஒரே ஒருமுறை வரக்கூடிய பண்டிகை நாள் என் ஒரு சொல்லால் வராமல் போயிற்று. அதைத்தான் எழுத வேண்டும்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் மனைவி கடலூர் முதுநகரில் பிறந்தவள். அவளுக்கு ஒரே தம்பி, என் மைத்துனர். அங்கேயே ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். அவர் மனைவி செவிலியர். அவர்களுடைய ஒரே மகள் பட்டப்படிப்புக்காகச் சிதம்பரம் வந்தபோது விடுதியில் சேரவில்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அத்தையும் அவளும் பேசிச் சிரிப்பது என் படிப்பறைக்குள் கேட்கும். கதவைச் சாத்திக்கொள்வேன். நான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்தவன். சொற்கள் எந்த இடத்தில் எந்தப் பொருள் கொள்கின்றன என்பதைத்தான் பணிக்காலம் முழுவதும் பாடமாக நடத்தினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கடலூருக்குப் போவது எங்கள் திருமணத்துக்குப் பிறகு தவறாத வழக்கம். பேருந்தில் ஏறும்போது என் கையில் ஒரு பெரிய பை இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அங்கே போனதும் என் மனைவி ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் கொடுப்பாள். பிரித்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "சூப்பரா இருக்கு மாமா" என்று என்னிடம் சொல்வாள். நான் தலையசைத்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்வேன்.

இந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியதும் தெற்கு வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். புதிதாக வந்த மாப்பிள்ளைக்கு ஒரு சட்டையாவது வாங்க வேண்டும் என்பது எண்ணம். விற்பனையாளர் அளவு கேட்டார். தெரியாது என்றேன்.

"ஆளு என்னைவிட குண்டா, ஒல்லியா சார்?"

யோசித்துப் பார்த்தேன். மணமேடையில் மாலைக்கு மேலே ஒரு முகம் மட்டுமே நினைவில் இருந்தது.

"சரி, பொண்ணு என்ன போடுவாங்க? பொடவையா, சுடிதாரா?"

அதையும் நான் கவனித்ததே இல்லை. என் வீட்டில் மூன்று ஆண்டுகள் இருந்த பெண். பிறகு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். அன்று மாலை குழுவில் எழுதினேன்: இவ்வாண்டு கிறிஸ்துமஸைப் பரிசுகள் இன்றி, எளிமையாகக் கொண்டாடுவோம், யாரும் யாருக்கும் எதுவும் வாங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அறியாமைக்குக் கொள்கை என்று பெயர் வைத்ததை நான் அப்போதே உணர்ந்திருந்தேன். யாரும் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவனை யார் மறுப்பார்கள்? அந்தச் சலுகையையும் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

சில நாள் கழித்து மைத்துனர் அழைத்தார். உடல்நலம் விசாரித்தார். மழை எப்படி என்று கேட்டார். பிறகு சிறிது தயங்கினார்.

"மாமா, பண்டிகைக்கு முன்ன ஒரு நாளு நாங்க அங்க வரணும். ஒங்களுக்கு ஒரு வேட்டி வைக்கணும்."

"அதான் குரூப்ல எழுதிட்டேனே மச்சான். யாரும் எதுவும் எடுக்க வேணாம். எனக்குப் போயி எதுக்கு வேட்டி?"

"இல்ல மாமா, அது வந்து..."

"எனக்கு மட்டும் விலக்கு இருந்தா நல்லாருக்காது மச்சான். வேணாம்."

"சரி மாமா. ஒங்க இஷ்டம்" என்றார் மைத்துனர். தொலைபேசியை வைத்தபோது என் கொள்கையை எனக்கே பொருத்திக்கொண்டதில் ஒரு நிறைவு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கிறிஸ்துமஸ் அன்று வெறுங்கையோடு பேருந்தில் ஏறினேன். பை இல்லாத கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. புதுச்சத்திரம் தாண்டும் வரை வயல்களில் நின்ற மழைநீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதுநகரில் இறங்கி அவர்கள் தெருவுக்குள் நுழைந்தேன். கிறிஸ்தவ வீடுகள் எல்லாவற்றிலும் காகித நட்சத்திரம் தொங்கியது. ஒரு வீட்டு வாசலில் நின்றவர்கள் புதுத்துணியில் இருந்தார்கள். மைத்துனர் வீட்டு மாடியில் நட்சத்திரம் மாட்டும் கொக்கி மட்டும் இருந்தது. கதவைத் திறந்த மைத்துனர் மகள் வெளுத்த சுடிதார் அணிந்திருந்தாள். கூடத்தின் மூலையில் கிறிஸ்து பிறப்புக் குடில் இல்லை. பலகாரம் சுட்ட வாசனையும் இல்லை.

நான் மகிழ்ந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் செய்தியைப் படித்து, நான் கேட்டதற்கும் மேலாக இவர்கள் எளிமையை ஏற்றுக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மனைவி இறந்த பிறகு என் சொல்லுக்கு யாரோ செவிகொடுத்தது போலிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, சாம்பார், கீரை மசியல், ரசம், நெருப்பில் சுட்ட அப்பளம். சென்ற ஆண்டு வரை அதே மேசையில் பிரியாணியும் அதிரசமும் இருந்தன. சுட்ட அப்பளம்தான் உடம்புக்கு நல்லது என்று நான் பாராட்டினேன். மைத்துனரின் மனைவி இன்னோர் அப்பளம் வைத்தார்.

அதோடு நான் நின்றிருக்கலாம். பேசிப் பழகியவன், பேசினேன். இதுதான் உண்மையான கிறிஸ்துமஸ் என்று தொடங்கினேன். மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவருக்கு நாம் வண்ணத்தாள் சுற்றிய பெட்டிகளால் விழா எடுப்பது பொருந்துமா என்று கேட்டேன். பெத்லகேமில் பரிசு எதுவும் இல்லை என்றேன்.

"மூணு ராஜாங்க கொண்டாந்தாங்களே மாமா" என்றாள் அந்தப் பெண். "தங்கமே கொண்டாந்தாங்க."

அவள் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்கள் பிறகுதான் வந்தார்கள், பிறந்த இரவில் வெறும் வைக்கோல்தான் இருந்தது என்று விளக்கினேன். அவள் "கரெக்டுதான் மாமா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் நாற்காலி ஒன்று குறைவாக இருப்பது எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன். புதுச்சேரியில், அவர்கள் வீட்டில் இருக்கிறார் என்றாள்.

அவர்களுக்கு இது தலைக் கிறிஸ்துமஸ். திருமணமான பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண்ணின் பெற்றோர் சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும்; மாப்பிள்ளை பெண்ணோடு மாமனார் வீட்டுக்கு வந்து, அவர்கள் வைக்கும் புதுத்துணியை உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை அறியாதவர் இல்லை. நானும் அறிவேன். ஆகவே வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "தலைக் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டுக்கு வராத மாப்பிள்ளையா? நான் ஃபோன் போட்டுக் கேக்கட்டுமா?" என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மைத்துனரின் மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

"எப்புடி அண்ணே கூப்புடறது? துக்கமே மாத்தல. நீங்கதான் வேட்டி வேணாம்னுட்டீங்க."

"ஏய், சும்மா இரு" என்றார் மைத்துனர்.

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? அண்ணி எறந்த வீட்டுல துக்கம் மாத்தாம நாங்க எப்புடி ஸ்டார் கட்டறது? எண்ணெச் சட்டி எப்புடி வைக்கறது? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சம்பந்தி வீட்டு வாசப்படி ஏறறது? அவுங்க ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க, எப்ப அழைக்க வரீங்கன்னு."

"விடும்மா" என்றாள் பெண். "மாமாவுக்குத் தெரியாது."

என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவள் அதைச் சொன்னாள்.

எங்கள் குடும்பங்களில் ஒரு பெண் இறந்தால், அடுத்து வரும் பெரிய பண்டிகைக்கு முன் அவளுடைய பிறந்த வீட்டார் சாவு நடந்த வீட்டுக்கு வருவார்கள். கணவனுக்கு வேட்டியும் சட்டையும் தட்டில் வைத்துக் கொடுத்து, வாயில் சர்க்கரை போட்டு, அந்த வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பார்கள். அதற்குத் துக்கம் மாற்றுவது என்று பெயர். அதுவரை இரண்டு வீட்டிலும் நட்சத்திரம் இல்லை, பலகாரம் இல்லை, புதுத்துணி இல்லை. யாரையும் நல்ல காரியத்துக்கு அழைக்கவும் முடியாது. இதில் கடைப் பரிசுக்குரிய எதுவும் இல்லை. மைத்துனர் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். கடையில் வாங்குவதை இங்கே துணி எடுப்பது என்பார்கள். முறைக்காகக் கொடுப்பதை வைப்பது என்பார்கள். சீர் வைப்பது, பூ வைப்பது, வேட்டி வைப்பது. அவர் வைக்கணும் என்றார். நான் எடுக்க வேண்டாம் என்று பதில் சொன்னேன். ஒரு முதலாண்டு மாணவன்கூட இதைக் கவனித்திருப்பான்.

எனக்குத் தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. தகப்பனை இழந்த மருமகனுக்கு மாமனார் வைப்பதும் இதே முறைதான். என் தகப்பனார் இறந்த ஆண்டில் என் மாமனார் கடலூரிலிருந்து ஒரு வேட்டியோடு வந்தார். அதை உடுத்திக்கொண்டேன். கரை சற்று அகலம் என்று பிற்பாடு மனைவியிடம் குறை சொன்னேன். பண்டிகைக்கு மாமனார் தரும் அன்பளிப்பு என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் நினைக்கவில்லை. அவளும் விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லாதபடி அவள் எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சோற்றில் கைவைத்தபடியே சொன்னேன்: "அந்த வேட்டிய இப்பக் குடுங்க. இங்கயே கட்டிக்கிறேன். மாப்பிள்ளையை இன்னிக்கே வரச் சொல்லுங்க."

"வந்து வாங்கிக்கிட்டுப் போறதுக்கு இது என்ன ஜவுளிக் கடையா அண்ணே?" என்றார் மைத்துனரின் மனைவி. குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "எறந்த வீட்டுக்கு நாங்கல்ல வரணும். சாப்புடுங்க, ஆறுது."

வேட்டியும் சட்டையும் நவம்பரிலேயே வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று என்பதும், மாப்பிள்ளைக்கு வாங்கியதும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது என்பதும் அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. பெண் அன்று காலைதான் புதுச்சேரியிலிருந்து தனியாகப் பேருந்தில் வந்திருந்தாள். மாமா வருகிறார், அத்தை இல்லாமல் வருகிறார், நான் இருக்க வேண்டும் என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டு வந்தாளாம். தன் தலைக் கிறிஸ்துமஸ் அன்று அவள் பழைய சுடிதாரில் எனக்கு எதிரே உட்கார்ந்து, வைக்கோலைப் பற்றிய என் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

தட்டைக் கழுவிய பிறகு என்னால் அங்கே அதிக நேரம் இருக்க முடியவில்லை. மைத்துனர் ஸ்கூட்டரில் நிறுத்தம் வரை கொண்டுவிட்டார். ஏன் என்னிடம் எடுத்துச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை, ஆயினும் கேட்டேன். துக்கத்தில் இருப்பவரை இதில் வற்புறுத்தக் கூடாது என்றார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வேணாம்னதும், அக்கா போனதோட நம்மள..." என்று தொடங்கினார். சிதம்பரம் பேருந்து வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன். அவர் கையசைத்தார்.

அந்த வாக்கியத்தின் மீதியை வழிநெடுக நானே முடித்துப் பார்த்தேன். என் மறுப்பு அவருக்கு எளிமையாகக் கேட்கவில்லை. உறவை முடித்துக்கொள்ளும் அறிவிப்பாகக் கேட்டிருக்கிறது. அக்காவை இழந்தவர் அக்காவின் வீட்டையும் இழந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டே என்னை மதிய உணவுக்கு அழைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நானே தொலைபேசியில் அழைத்தேன். வேட்டி வைக்க வரும்படி கேட்டேன். அந்த வினைச்சொல்லை இம்முறை சரியாகப் பயன்படுத்தினேன். மறுமுனையில் அவர் மனைவியிடம் கலந்து பேசுவது கேட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்.

ஞாயிறு காலை மைத்துனர், அவர் மனைவி, மகள் மூவரும் வந்தார்கள். கூடத்தில் என் மனைவியின் படத்துக்கு முன்னால் தட்டை வைத்தார்கள். வேட்டி, சட்டை, துண்டு, வாழைப்பழம், ஒரு கிண்ணத்தில் சர்க்கரை. ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டி ஜெபம் சொன்னோம். மைத்துனர் தட்டை எடுத்து நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தேன். புதுவேட்டி விறைப்பாக இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. பெண் என்னைப் பார்த்து, பொதுக்கூட்டத்தில் பேசப் போகிறவர் போல இருக்கிறேன் என்றாள். நான் இனிமேல் பேசப்போவதில்லை என்றேன். அவள் சிரித்தாள்.

அவள் அம்மா என் வாயில் சர்க்கரை போட்டார். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய்ச் சட்டியை வைத்தார். அரைத்துக் கொண்டுவந்திருந்த மாவில் வடை தட்டினார். ஐந்து மாதம் கழித்து அந்த வீட்டில் எண்ணெய் காயும் வாசனை எழுந்தது. மைத்துனர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அக்கா வடை சுடும்போது முதல் வடை அவருக்குத்தான் வரும். அவர் திரும்பி வரும் வரை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

வடை சாப்பிட்டு முடிந்ததும் புதுச்சேரிக்குப் பேச வேண்டும் என்றேன். மைத்துனர் வேண்டாம் என்றார். அவர் மனைவி தொலைபேசி எண்ணை அழுத்திக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா எடுத்தார். தாமதத்துக்குக் காரணம் நான்தான், பெண் வீட்டார்மேல் குறை இல்லை என்று சொன்னேன். முன்கூட்டியே வாக்கியங்களை அமைத்து வைத்திருந்தேன். அவை ஒரு மன்னிப்புக் கடிதத்தைப் படிப்பது போல ஒலித்தன.

"பரவால்லீங்க சார்" என்றார் அந்த அம்மாள். "அதான் முடிஞ்சி போச்சே."

நியூ இயருக்கு அழைக்க வரலாமா என்று மைத்துனரின் மனைவி தொலைபேசியை வாங்கிக் கேட்டார். வாருங்கள், அதற்கென்ன என்று பதில் வந்தது. ஆனால் தலைப் புத்தாண்டு என்று ஒன்று எங்கள் வழக்கத்தில் கிடையாது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"அடுத்த வருஷத்தையே தலைன்னு வச்சிக்கலாம்மா" என்றாள் பெண். "யாரு வந்து எண்ணப் போறா?"

"ஒன் மாமியா எண்ணுவாங்க" என்றார் அவள் அம்மா.

புறப்படும்போது பெண் என் பக்கம் வந்தாள். அத்தையின் அலமாரியில் வண்ணத்தாள் சுருள் இருக்குமே, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். மாப்பிள்ளையின் சட்டையைச் சுற்றிக் கொடுக்க வேண்டுமாம். அந்தச் சுருள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே போய் எடுத்து வந்தாள். அவளுக்கென்று நான் கொடுக்க அந்த வீட்டில் ஒன்றுமில்லை; நான் ஒன்றையும் வாங்கி வைக்கவில்லை. புதுவேட்டியும் புதுச்சட்டையும் அணிந்து வாசலில் நின்று, பழைய உடையில் இருந்த மூன்று பேரை வழியனுப்பினேன். இந்தக் கிறிஸ்துமஸில் பரிசு பெற்றவன் நான் ஒருவன்தான்.

நான் இன்னும் செய்யாமல் இருப்பவை:

வாட்ஸப் குழுவில் நான் எழுதிய செய்திக்குக் கீழே, அது தவறு என்று எழுதுவது. அதை அழிப்பது போதாது.

பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று அவள் அம்மாவிடம் கேட்பது. மாப்பிள்ளையின் சட்டை அளவையும் கேட்பது.

பேருந்து நிறுத்தத்தில் மைத்துனர் முடிக்காமல் விட்டதற்கு, அப்படி இல்லை மச்சான் என்று பதில் சொல்வது.

புதுச்சேரிக்கு நேரில் போவது. தொலைபேசியில் சொன்னது போய்ச் சொன்னதாகாது.